குடும்பக் கட்டுப்பாடா, குடும்பத் திட்டமிடலா?

வங்கதேசம், எத்தியோப்பியா போன்ற நாடுகளைப் பற்றிய செய்தி எதைத் தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும் ‘ஃபேமிலி பிளானிங்’கை மொழிபெயர்த்து, ‘குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகள் விரிவாக்கம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் உடனே வருவது ஆபரேஷன் முகாம். வங்கதேசத்தில் நடந்தது அதுவல்ல. பெண்கள் வெளியே போகத் தயங்கிய கிராமங்களில், 1970-களிலிருந்து பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். இன்றும் அங்கே அதிகம் பயன்படுவது மாத்திரைதான். எத்தியோப்பியாவில் ஊசி. இரண்டுமே வேண்டாம் என்றால் நிறுத்திவிடக்கூடியவை. ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லில் இது எங்கே தெரிகிறது?

சொல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் முதலில் இருந்தது ‘பர்த் கன்ட்ரோல்’. 1914-ல் அமெரிக்காவில், கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கரின் நண்பர்கள் வட்டத்தில் பிறந்தது. அப்புறம் ‘ஃபேமிலி பிளானிங்’ வந்தது. பிரிட்டனில் இதற்காக இருந்த சங்கம் 1939-ல் தன் பெயரிலிருந்தே ‘கன்ட்ரோலை’ எடுத்துவிட்டு ‘பிளானிங்’ என்று மாற்றிக்கொண்டது. அவர்கள் கைவிட்ட பாதியையும் புதிதாகச் சேர்த்த பாதியையும் ஒட்டவைத்தது போலத்தான் இருக்கிறது நம் ‘குடும்பக் கட்டுப்பாடு’.

தமிழ்க் காதுக்கு ‘கட்டுப்பாடு’ எப்படி ஒலிக்கிறது? ஊர்க் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, கொசுக் கட்டுப்பாடு. எல்லாவற்றிலும் கட்டுகிறவர் ஒருவர், கட்டுப்படுவது வேறொன்று. ‘கட்டுப்பாடான குடும்பம்’ என்றால் பிள்ளைகளைக் கண்டிப்பாக வளர்க்கும் வீடு என்று பொருள். எத்தனை குழந்தை, எப்போது என்று ஒரு பெண்ணும் அவள் கணவனும் உட்கார்ந்து யோசிப்பதை இந்தச் சொல்லுக்குள் எப்படி அடக்குவது?

வரலாறும் இந்தச் சொல்லின் மேல் கறை படியவைத்தது. 1952-ல் உலகிலேயே முதலாவதாக இந்தியா இதை அரசுத் திட்டமாக்கியது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் எவ்வளவு கட்டாயம் இருந்தது என்பதை நாடு மறக்கவில்லை. அடுத்து வந்த ஆட்சி 1977-ல் ‘குடும்ப நலம்’ என்று பெயரை மாற்றியது. அந்தப் பெயரையும் நான் ஏற்கவில்லை. தடுப்பூசியும் குடும்ப நலம்தான், சத்துணவும் குடும்ப நலம்தான். சங்கடமான சொல்லை மறைக்க ஒரு நல்ல வார்த்தையைப் போர்த்தினார்கள், அவ்வளவே.

‘மக்களுக்குப் பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?’ என்று கேட்பார்கள். சரி, எந்தப் பொருளில் பழகியது? பிரசவ வார்டில் கேட்டுப் பாருங்கள். ‘கு.க. பண்ணியாச்சா?’ என்றால் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று மட்டும்தான் அர்த்தம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் இந்த அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது அரை விழுக்காடுகூட இல்லை. நிலைமைக்கு ஏற்பச் சொல்லும் சுருங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ‘அந்தரா’ ஊசியும், ‘சாயா’ மாத்திரையும், காப்பர்-டியும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் குழந்தை பிறந்து, அடுத்ததற்கு மூன்று வருடம் போகட்டும் என்று நினைக்கும் பெண் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பலகையைப் பார்த்தால், இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவாள்.

இலங்கைத் தமிழர் ‘குடும்பத் திட்டமிடல்’ என்றே எழுதுகிறார்கள். பொருத்தமான சொல் அதுதான். ‘திட்டமாகச் சொல்’, ‘திட்டவட்டம்’ என்று நாம் பேசும்போது வரும் தெளிவு அதில் இருக்கிறது. திட்டமிடுகிறவர் யார் என்பதிலும் குழப்பமில்லை. நீளமாக இருக்கிறது என்ற குறையை நான் மதிக்கவில்லை. ‘கட்டுப்பாடு’ மட்டும் என்ன குறுகியதா?

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொன்றிலும் கைவைக்கிறார்கள். ‘கருத்தடை செய்துகொண்டார்’ என்று எழுதி அறுவையைக் குறிக்கிறார்கள். அடுத்த பத்தியில் ‘கருத்தடை மாத்திரை’. கருத்தடை என்பது பொதுப்பெயர். ஆணுறையும் கருத்தடைதான். 1930-களில் பெரியார் ‘கர்ப்பத்தடை’ என்று எழுதியபோது, நாட்டின் வறுமைக்காகவோ உடல்நலத்துக்காகவோ மட்டுமல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதாடினார். தடுப்பது அவள், அவளுக்காக. அறுவையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நிரந்தரக் கருத்தடை’ என்று முழுதாக எழுதலாம். மற்றவற்றுக்குத் ‘தற்காலிகக் கருத்தடை’. இரண்டும் சுகாதாரத் துறையில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்தான். செய்தி எழுதுகிறவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவமனைச் சீட்டில் ‘கு.க.’ என்று இருக்கும் இடத்தில், எந்த முறை என்று மருத்துவமனைக்காரர்கள் பெயர் சொல்லி எழுதட்டும்.