பாரிஷ்: பங்கா, சேகரமா?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது ‘பாரிஷ் சர்ச்’ என்று கண்டால் ‘கிராமத் தேவாலயம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் பாரிஷ் என்பது கட்டடமும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்ட எல்லை அது. இடைக்கால இங்கிலாந்தில் அந்த எல்லைக்குள் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், கோயிலுக்குப் போனது. அதனால்தான் எல்லையை மறக்காமலிருக்க ஆண்டுதோறும் ஊரே சுற்றி நடந்து, எல்லைக் கற்களைக் குச்சியால் அடித்தார்கள். சில இடங்களில் கூட வந்த பையன்களுக்கும் அடி விழுந்தது, வலித்தால் மறக்காது!

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்றோர் ஊர் (நம் குத்தகை வாரத்துக்கும் இதற்கும் உறவில்லை). 1500 வாக்கில் வயல்கள் ஆட்டு மேய்ச்சலுக்குப் போக, ஊர் காலியானது. இன்று புல்மேட்டில் வீட்டு அடித்தளங்களின் மேடு பள்ளம்தான் தெரிகிறது. புனித மார்ட்டின் கோயிலும் சுருங்கியது. பக்கக்கூடங்களை இடித்து, வளைவுகளைக் கல்வைத்து அடைத்த தடம் சுவரில் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அங்கே வழிபாடு 20-ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. காரணம், திக்ஸெண்டேல் போன்ற அக்கம்பக்கத்துச் சிற்றூர்களும் அதே பாரிஷைச் சேர்ந்தவை. ஊர் அழிந்தும் பாரிஷ் அழியவில்லை.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் ‘பரோய்க்கியா’. பரா என்றால் அருகில், ஒய்க்கோஸ் என்றால் வீடு. வேற்றூரில் அண்டிக் குடியிருப்பதைக் குறித்தது. பேதுருவின் முதல் நிருபத்தில் (1:17) இச்சொல் வரும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் ‘பரதேசிகளாய்’ என்கிறது. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பரதேசியின் சொல் உள்ளூர்க்காரனின் சொல்லாகிவிட்டது. அதிலிருந்து கிளைத்த ‘பரோக்கியல்’ இன்று குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டும் புத்தியைக் குறிக்கிறது.

தமிழில் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பார்கள், பங்குத்தந்தை அதிலிருந்துதான். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.காரர்களுக்கு (தென்னிந்தியத் திருச்சபையினருக்கு) ‘சேகரம்’. இடைக்கால இங்கிலாந்து கத்தோலிக்க நாடு என்பதால் அங்கே ‘பங்குக் கோயில்’தான் என் தேர்வு. ஆனால் இங்கிலாந்தின் 1894 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு வந்த பாரிஷ் கவுன்சிலுக்குப் ‘பங்கு மன்றம்’ என்று போட்டுவிடாதீர்கள். அது கோயில் சமாசாரம் இல்லை, ஊராட்சி.