மலை இறங்கும்போது லிமிட்டர் காப்பாற்றாது

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் வண்டியை 'ஆல்டர்' செய்யக் கொடுக்கும் பையன்கள் பட்டறையில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, லிமிட்டரைத் தூக்கிவிட முடியுமா?" இன்ஜின் குறித்த சுற்றைத் தாண்டாமல் தடுப்பது லிமிட்டர்; அந்த வரம்பை மேலே ஏற்றச் சொல்கிறார்கள். சைலென்சர் மாற்றியாயிற்று, போர் கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்) போட்டாயிற்று. அப்புறமும் பழைய எண்ணிலேயே இன்ஜின் முட்டி நிற்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

தூக்கிவிடுவது சுலபம். இன்ஜினோடு சேர்ந்து மேக்னட் (காந்தச் சக்கரம்) சுற்றும்போது, பக்கத்தில் இருக்கும் பிக்கப் காயிலில் இருந்து, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டிக்கு ஒரு மின்துடிப்பு போகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், சுற்றுக்கு ஒரு துடிப்பு வீதம், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 6 மில்லி விநாடி. இடைவெளி அதற்கும் கீழே போனால் ஸ்பார்க்கை நிறுத்திவிடு என்பதுதான் லிமிட்டருக்குத் தெரிந்த ஒரே சட்டம். எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் இ.சி.யு. என்ற கணினிப் பெட்டி பெட்ரோலையும் நிறுத்தும். 6 என்பதை 5 ஆக்கினால் 12,000 சுற்று. கம்பெனி அந்த எண்ணை ஏன் அங்கே வைத்தது என்பதற்கான காரணம் இன்ஜினுக்குள்ளே இருக்கிறது.

பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அடியோடு நின்று, திரும்பிக் கீழே ஓட வேண்டும். அதை நிறுத்தி இழுப்பது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. யமஹா ஆர்15-இன் 155 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 58.7 மி.மீ. 10,000 சுற்றில், உச்சியில் பிஸ்டனுக்கு ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த நொடியில் ராடு இழுப்பது 600 கிலோ எடைக்குச் சமம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே அழுத்தப்பட்ட வாயு எதிர்த்துத் தள்ளி இதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவிலோ வால்வு திறந்திருக்கும், தாங்க எதுவும் இல்லை. முழு இழுவையும் ராடு, பிஸ்டன் பின், ராடின் கீழ்முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் மேல்தான். விநாடிக்கு 83 முறை இது நடக்கிறது.

இந்த விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 10,000 என்பதை 12,000 ஆக்கினால் சுற்று கூடுவது 20 சதவீதம், விசை கூடுவது 44 சதவீதம். 600 கிலோ 864 ஆகிவிடும். ராடு அன்றைக்கே உடையாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்து, பல லட்சம் சுற்றுகளில் மெல்ல வளர்ந்து, ஒருநாள் இன்ஜின் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரும். "நேற்று வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பது அப்போது உண்மையாகவே இருக்கும்.

கணக்குப் போட ஓர் எளிய அளவுகோல் உண்டு: பிஸ்டனின் சராசரி வேகம். ஸ்ட்ரோக்கை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் போதும். யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு ஸ்ட்ரோக் 50 மி.மீ.; உச்ச பவர் கிடைக்கும் 7,500 சுற்றில் விநாடிக்கு 12.5 மீட்டர். ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350-க்கு ஸ்ட்ரோக் 90 மி.மீ.; வெறும் 5,250 சுற்றிலேயே 15.75 மீட்டர். ஆர்15-க்கு 10,000 சுற்றில் 19.6 மீட்டர். புல்லட் மெதுவாகச் சுற்றுகிறது, அதனால் இன்னும் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பெனி போட்ட வார்ப்பு பிஸ்டனோடு 20 மீட்டரைத் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரேஸ் இன்ஜின்கள் 25 மீட்டரைத் தாண்டுகின்றன என்பது உண்மை. அவற்றில் இருப்பது அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன், தனியாகச் செய்த ராடு; அவற்றையும் குறித்த கிலோமீட்டர் ஓடியதும் கழற்றி மாற்றிவிடுவார்கள்.

பல இன்ஜின்களில் ராடுக்கு முன்பே கைவிடுவது வால்வு ஸ்பிரிங். வால்வைத் திறப்பது கேம் என்ற மேடுள்ள தண்டு. மூடும்போது அதைக் கேமோடு ஒட்டியே கொண்டுவர வேண்டியது ஸ்பிரிங்கின் வேலை. இதற்குத் தேவைப்படும் விசையும் வர்க்கத்தில்தான் ஏறுகிறது. ஓர் எல்லையில் ஸ்பிரிங் பின்தங்கிவிடும். வால்வு கேமை விட்டு மிதக்கும், சீட்டில் மோதித் துள்ளும். மேலே வரும் பிஸ்டன் அதைத் தொட்டாலும் தொடும். அப்படித் தொட்ட இன்ஜினின் ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் கறுத்த கார்பனுக்கு நடுவே பிறை வடிவில் ஒரு தழும்பு, அந்த இடத்தில் மட்டும் அலுமினியம் பளபளப்பாக இருக்கும். அதைப் பார்த்த பிறகு லிமிட்டரைக் குறைக்காமல் ஹெட்டை மூடக் கூடாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கடையில் வாங்கி மாட்டும் பெரும்பாலான சாமான்கள் பாதுகாப்பான சுற்றைக் குறைக்கின்றன. பெரிய போர் கிட்டில் பிஸ்டன் 15 சதவீதம் கனமாக இருந்தால், ராடு பழைய இழுவையையே தாங்க வேண்டுமானால், 10,000 என்பது ஏறத்தாழ 9,300 ஆக இறங்க வேண்டும். பெரிய வால்வு போட்டால் அதன் எடையால் மிதக்கும் எல்லை கீழே வரும். கூர்மையாகத் தூக்கும் கேமுக்கும் அதே கதி. கெட்டியான ஸ்பிரிங் போட்டு எல்லையை உயர்த்தலாம், ஆனால் கேமும், அது தள்ளும் ராக்கரும் சீக்கிரம் தேயும். உயரமும் உதவாது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறையும், பவரும் குறையும். அதை ஈடுகட்டச் சுற்றை ஏற்றுவார்கள். பிஸ்டனின் எடையோ அதேதான்.

சரி, எங்கேதான் வைப்பது? சைலென்சரும் கார்பரேட்டர் ஜெட்டும் மட்டும் மாற்றியிருந்தால் கம்பெனி எண்ணைத் தொடவே வேண்டாம். கேமும் போர்ட்டும் (ஹெட்டில் வாயு போகும் வழி) மாற்றியிருந்தால், பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஓட்டி உச்ச பவர் எந்தச் சுற்றில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அதைத் தாண்டி ஐந்நூறு சுற்று போதும். அடுத்த கியர் போடும்போது சுற்று இறங்கி மறுபடியும் பவர் இருக்கும் இடத்தில் விழும், அதற்கு மேல் சத்தம்தான். அந்த எண்ணை ராடு, பிஸ்டன், ஸ்பிரிங் மூன்றின் எல்லைகளோடு ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் இருநூறு முந்நூறு குறைத்துக்கொள்வது நல்லது. மேக்னட்டைக் கடைந்து இலேசாக்கிய வண்டியில், ஸ்பார்க் நின்ற பிறகும் முதல் கியரில் சுற்று கொஞ்சம் எகிறும். சோதனை ஓட்டத்தை டைனோவிலோ, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தடத்திலோ வைத்துக்கொள்ளலாம். சாலையில் கூடாது. கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, குமுளி செக்போஸ்ட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. குமுளியில் இருந்து லோயர் கேம்ப் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, பின் சக்கரம். இரண்டாம் கியரில் 8,000 சுற்றில் இறங்கும்போது அவசரமாக முதல் கியரைத் தட்டினால், பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம் என்பதால், கிளட்சை விட்டதும் இன்ஜின் 12,000-க்குப் போகும். லிமிட்டர் ஸ்பார்க்கை நிறுத்தும், ஆனால் சக்கரத்தை நிறுத்த அதனால் ஆகாது. ஆக்சிலரேட்டர் மூடியிருப்பதால் கம்ப்ரஷனில் வாயுவும் குறைவு. ராடுக்குக் கிடைத்துவந்த அந்தத் தாங்கலும் போய்விடும். சக்கரம் இன்ஜினை இழுக்கும்போது கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் அடி குறையும், அவ்வளவே. ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு வேறொரு பிரச்சினை: ஆக்சிலரேட்டரை மூடினால் ஆயிலும் வராது, அதிகச் சுற்றில் பிஸ்டன் இறுகிக்கொள்ளும்.

எனவே வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் இன்னோர் எண்ணையும் சொல்லி அனுப்ப வேண்டும்: ஒவ்வொரு கியரிலும் எந்த வேகத்தில் லிமிட்டர் தொடுகிறது என்பது. முதல் கியரில் 45 கி.மீ. என்றால், ஸ்பீடோமீட்டர் 45-க்குக் கீழே வந்த பிறகுதான் முதல் கியர். வேகத்தை பிரேக்கால் குறைத்துவிட்டு அப்புறம் கியரை இறக்க வேண்டும். ஏற்றத்துக்கு இழுக்கட்டும் என்று பின் ஸ்ப்ராக்கெட்டை 42 பல்லில் இருந்து 45 பல்லாக மாற்றினால் அந்த 45 கி.மீ. 42 ஆகிவிடும்.