ரொமாண்டிக் இசை காதல் இசை அல்ல

'வயோலா, பியானோவுக்கான காதல் அறை இசை' என்று ஒரு தொடர் நிகழ்ச்சிக் குறிப்புகளிலும் காணொளித் தலைப்புகளிலும் சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரொமாண்டிக் சேம்பர் மியூசிக்' என்பதற்கு, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை அப்படியே எடுத்து ஒட்டியதன் விளைவு இது. வயோலா என்பது வயலினின் சற்றே பெரிய உறவு.

பழைய பிரெஞ்சில் 'ரொமான்ஸ்' என்றால் லத்தீனில் அல்லாமல் பேச்சுமொழியில் எழுதியது. அப்படி எழுதியவற்றில் வீரமும் மாயமும் கலந்த கதைகள் ஏராளம் என்பதால் சொல்லுக்குக் 'கதை' என்ற பொருள் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விமர்சகர்களான ஷ்லேகல் சகோதரர்கள் உள்ளிட்ட ஜெர்மானியர்கள் அதை ஒரு கலைப்போக்கின் பெயராக்கினார்கள். 1810இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன், கலைகளிலேயே மிகவும் ரொமாண்டிக்கானது இசைதான் என்றார். அவர் அதில் கேட்டவை அச்சம், வேதனை, எல்லையற்ற ஏக்கம். காதலர் யாரும் அங்கே இல்லை.

வயோலாவுக்கே வருவோம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1851இல் வயோலாவுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஓபஸ் (படைப்பு எண்) 113இன் பெயருக்கு 'தேவதைக் கதைப் படங்கள்' என்று பொருள். நான்கு துண்டுகள். மூன்றாவதில் வயோலா மூச்சுவிடாமல் ஓடுகிறது. நான்காவது, வழக்கமாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் சுரவரிசையில் இருந்தும், 'மெதுவாக, துயரம் தோய' என்ற குறிப்போடு தாலாட்டுப்போல அசைகிறது. காதல் என்று நினைத்து அகலமான விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைப்பது) போட்டால் அந்தத் தாலாட்டு போச்சு.

வயோலா வயலினைவிட ஒரு பஞ்சமம் (ச–ப இடைவெளி) கீழே சுருதி சேர்க்கப்படுவது. அந்தச் சுருதிக்கு ஏற்ற அளவில் செய்தால் தாடையில் வைத்துப் பிடிக்க முடியாது; அதனால் உடல் 40–42 செ.மீ. அளவோடு நின்றுவிடுகிறது, நாதம் சற்றே மூடி ஒலிக்கிறது. அந்த மங்கல்தான் ரொமாண்டிக் கால இசைக்குப் பொருந்திப்போனது. பிராம்ஸ் 1894இல் கிளாரினெட்டுக்கு எழுதிய ஓபஸ் 120 சொனாட்டாக்களை அவரே வயோலாவுக்கு மாற்றியபோது சில இடங்களை ஒரு ஸ்தாயி இறக்கினார். அங்கே பியானோவின் இடக்கை கனமாக விழுந்தால் வயோலா காணாமல் போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கற்பனாவாதம்' என்கிறார்கள். தமிழில் கற்பனாவாத சோசலிசம் என்றாலே நடைமுறைக்கு ஒவ்வாத சோசலிசம் என்றாகிவிட்டது. அந்த ஏளனம் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். அதோடு, கச்சேரி கேட்கிறவருக்குக் கற்பனை என்றால் கல்பனாஸ்வரம், மேடையிலேயே பிறப்பது. பிராம்ஸோ ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதிவைத்தவர். 'உணர்ச்சிவாதம்' இன்னும் மோசம். மோட்சார்ட்டுக்கு உணர்ச்சியே இல்லை என்றாகிவிடும். 'புனைவியம்' மட்டுமே வேரோடு ஒத்துப்போகிறது: அங்கே கதை, இங்கே புனைவு. காதுக்குக் கொஞ்சம் வறட்டுச் சொல்தான், ஆனால் வழி தவற வைக்காது.

'அறை இசை'யும் வேண்டாம். கன்னத்தில் விழுவதும் அறைதான். ஒவ்வொரு வாத்தியப் பகுதியையும் ஒருவரே வாசிப்பார், இசை நடத்துநர் கிடையாது என்பதே அந்த வகையின் இலக்கணம். சென்னையில் 'சேம்பர் கச்சேரி' ஏற்கெனவே புழங்குவதால் 'சேம்பர் இசை' என்றே எழுதலாம். ஆக, 'வயோலா, பியானோவுக்கான புனைவியக் காலச் சேம்பர் இசை'.

ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ப்ரூக் 1911இல் வயோலாவுக்கு எழுதிய ஓபஸ் 85போல, தலைப்பே 'ரொமான்ஸ்' என்றிருந்தால் மொழிபெயர்க்கவே கூடாது. அது பாட்டுப்போல ஓடும் ஒரு வடிவத்தின் பெயர். வர்ணத்தை யாரும் 'நிறம்' என்று எழுதுவதில்லையே.