குச்சியை ஓரங்கட்டிய விரல்

2008, 2009 வாக்கில் டச் போன் வைத்திருந்த பலரைக் கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். திரையைத் தொட மாட்டார்கள், நகத்தால் அழுத்துவார்கள். என்னிடம் இருந்த போனும் அப்படித்தான். விரலின் சதையால் தொட்டால் அசையாது. கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால்தான் மெனு திறக்கும். பெயர்ப் பட்டியலை மேலே தள்ளினால் பாதி வழியில் நின்று, நடுவில் இருக்கும் யாருக்கோ அழைப்பு போய்விடும்.

அது கோளாறு இல்லை. அந்த வகைத் திரை வேலை செய்யும் விதமே அதுதான். ரெசிஸ்டிவ் திரை என்பார்கள். மேலே வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் படலம், கீழே கண்ணாடி. இரண்டின் உட்புறத்திலும் இண்டியம் டின் ஆக்ஸைடு பூச்சு. ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும் அபூர்வமான பொருள் அது. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் மிக நுண்ணிய புள்ளிகள். நாம் அழுத்தும்போது மேல் படலம் குழிந்து கீழே படுகிறது. ஒரு பூச்சின் ஒரு ஓரத்தில் 5 வோல்ட், எதிர் ஓரத்தில் 0 என்று வைத்துக்கொள்வோம். பட்ட இடத்தில் 2.5 வோல்ட் கிடைத்தால் விரல் சரியாக நடுவில் இருக்கிறது. அடுத்த நொடித்துளியில் இதையே குறுக்குவாட்டிலும் அளந்தால் இடம் கிடைத்துவிடும்.

மலிவான, நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் படலம் குழிய வேண்டும், அதற்கு அழுத்தம் ஒரே இடத்தில் குவிய வேண்டும். நகமும், ஸ்டைலஸ் என்ற பேனா போன்ற குச்சியும் அதைச் செய்யும், மெத்தென்ற விரல்நுனி செய்யாது. அழுத்திக்கொண்டே இழுத்தால் உராய்வு தடுக்கும். கொஞ்சம் தளர்த்தினால் தொடர்பு விட்டுப்போகும், விரலை எடுத்துவிட்டதாகப் போன் நினைத்துக்கொள்ளும். இரண்டு விரல் வைத்தாலோ, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளியைத்தான் காட்டும்.

தொடக்க கால ஸ்மார்ட்போன்கள் பலவும் இந்தக் குச்சியை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டன. 1994-இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன், சுமார் அரைக் கிலோ எடை, குச்சியோடுதான் வந்தது. 1996-இல் வந்த பாம் பைலட் போன் இல்லை, கைக்கணினி. அதிலும் குச்சி. பிறகு வந்த விண்டோஸ் மொபைல் போன்களில் மேசைக் கணினியைச் சுருக்கி வைத்ததுபோல் ஓரத்தில் மெல்லிய ஸ்க்ரோல் பார் இருக்கும். அதைப் பிடிக்க ஊசி முனை வேண்டும். செய்தவர்கள் அறிவில்லாமல் செய்யவில்லை. மின்னஞ்சல், நாட்காட்டி, முகவரிகள் என்று ஒரு அலுவலகத்தையே சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார்கள். அலுவலகத்தில் பேனா இருக்கும்தானே.

இதற்கு மாற்றான கெபாசிட்டிவ் திரை புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த அரசு ரேடார் ஆய்வகத்தில் இ. ஏ. ஜான்சன் 1965-லேயே அதை விவரித்து எழுதிவிட்டார், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்காக. 2007-இல்தான் அது பரவலாகப் பேசப்படும் போனுக்குள் வந்தது. முந்திக்கொண்டு அறிவிக்கப்பட்டது எல்ஜி பிராடா, ஊரெல்லாம் பேச வைத்தது ஐபோன்.

கெபாசிட்டிவ் திரையில் எதுவும் குழிவதில்லை. கண்ணாடிக்கு அடியில் நெடுக்கும் குறுக்குமாக, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலை போல ஓடுகின்றன. இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டிக் கெபாசிட்டர், அதாவது கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் இடம். நம் உடம்பு முழுக்க உப்பு கலந்த நீர், நல்ல மின்கடத்தி. விரல் அருகே வந்ததும் அங்கிருக்கும் மின்புலத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்த மிகச் சிறிய குறைவை ஒரு சில்லு (சிப்) நொடிக்குப் பல பத்து முறை எல்லாச் சந்திப்புகளிலும் அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனி என்பதால் பல விரல் வைத்தாலும் தனித்தனியாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. கோடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அப்படியென்றால் குறி தப்ப வேண்டுமே? தப்புவதில்லை, காரணம் விரல் தடிமனாக இருப்பதுதான்! அது ஒரே நேரத்தில் பல சந்திப்புகளின் மேல் படிகிறது. எதில் அதிகம் குறைந்தது, எதில் கொஞ்சம் குறைந்தது என்று ஒப்பிட்டு, விரலின் மையத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் கணக்கிட்டுவிடலாம். பழைய திரையில் எது விரலின் குறையாக இருந்ததோ, அதுவே இங்கே அளவுகோல். அழுத்தம் தேவையில்லை என்பதால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், அதன் வேகமும் இடைவிடாமல் கிடைக்கும். விரலை எடுத்த பிறகும் பட்டியல் உருண்டு மெதுவாக நிற்பது அந்த வேகத்தை வைத்துத்தான்.

முதல் ஐபோனில் 3ஜி இல்லை, நகலெடுத்து ஒட்டும் வசதி இல்லை, வெளியாரின் செயலிகளுக்குக் கடையும் இல்லை. 2008 கடைசியில் வந்த நோக்கியா 5800-இல் 3ஜி, ஜிபிஎஸ், 3.2 மெகாபிக்சல் கேமரா எல்லாம் இருந்தன. பட்டியல் போட்டால் நோக்கியாதான் ஜெயிக்கும். ஆனால் அதன் திரை ரெசிஸ்டிவ், கூடவே ஒரு குச்சியும், கிடார் மீட்டும் வில்லை போன்ற ஒன்றும் கொடுத்தார்கள். வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்று அந்தப் பட்டியல் சரியாகச் சொல்லிவிடும். கை எதைக் கேட்கிறது என்பதற்கு அதில் வரி கிடையாது. கையில் எடுத்து ஒரு முறை தள்ளிப் பார்த்தவருக்கு அது பத்து நொடியில் புரிந்துவிட்டது.

உங்கள் போனை இப்போது நகத்தின் நுனியால் மட்டும் தொட்டுப் பாருங்கள், சதை படவே கூடாது. பேசாமல் இருக்கும். அடுத்து ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கையில் பிடித்து, வெட்டிய பக்கத்தை ஈரம் துடைத்துவிட்டு வையுங்கள். விரல் பட்டதுபோலவே திரை அசையும்.