லேப்டாப்பில் ராம் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

"லேப்டாப் ரொம்ப ஸ்லோ, ராம் போட்டுக் குடுங்க" என்று சர்வீஸுக்கு வரும் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் ராம், அதாவது ஓடும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி, தேவைப்படுவதில்லை. வழக்கமாகத் திறக்கும் புரோகிராம்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 50, 60 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் கோளாறு பழைய ஹார்ட் டிஸ்க்கில். அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சிப் டிஸ்க்) போடுங்கள். மெமரி 85-க்கு மேலேயே நின்று, டிஸ்க்கும் கூடவே திணறினால், ராம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் இடம் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது ராம் கூட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரி வரும். அதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ராம் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கழற்றி மாற்ற முடியாது. மெல்லிய மாடல்கள் பலவற்றிலும், இப்போதைய மேக்புக் எல்லாவற்றிலும் இதே நிலைதான். 'எஸ்ஓடிம்' (ஸ்லாட்டில் செருகும் ராம் பலகை) என்றிருந்தால் மாற்றலாம். 8 ஜிபி போர்டிலும், கூடவே ஒரு ஸ்லாட்டும் உள்ள மாடல்களும் உண்டு. எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்வது நல்லது. டாஸ்க் மேனேஜர் காட்டும் ஸ்லாட் கணக்கு சில மெஷின்களில் தப்பாக இருக்கும்.

அடுத்து, எந்த ராம்? டிடிஆர்3, 4, 5 என்பவை ராமின் தலைமுறைகள். லேப்டாப் ராமில் டிடிஆர்4-க்கு 260 பின் (தொடுமுனை), டிடிஆர்5-க்கு 262. பின்களுக்கு நடுவில் உள்ள சிறு பள்ளமும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது, அழுத்திப் பார்க்காதீர்கள். ஏமாற்றுவது டிடிஆர்3. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். இரண்டுக்கும் 204 பின்தான், பள்ளமும் ஒரே இடத்தில்தான். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பலவும் 1.35 வோல்ட்டை மட்டுமே ஏற்கும். அதில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் கச்சிதமாக உட்காரும், பவர் லைட்டும் எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. லேபிளில் 'பிசி3' என்றிருக்கிறதா, 'பிசி3எல்' என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த 'எல்' ஒன்றுதான் வித்தியாசம்.

வேகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 2666 வேக ராமும் 3200 வேக ராமும் சேர்த்துப் போட்டால் இரண்டும் 2666-இல் ஓடும். ஆனால் இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி மேல். இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனல் கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் அது கண்கூடாகத் தெரியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் பார்ட் நம்பரை எழுதச் சொல்லுங்கள். மாட்டியதும் சிபியு-இசட் மென்பொருளில், ராமில் பதிந்த விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பகுதியில் அதே நம்பர் வருகிறதா என்று ஒத்துப்பாருங்கள். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிய பழைய ராம்களும் சந்தையில் சுற்றுகின்றன.

மாட்டுவது பத்து நிமிட வேலை. ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் ஆன் ஆவதற்கான வசதி) காரணமாக மெஷின் முழுதாக அணையாது. சார்ஜரை உருவுங்கள். ஸ்க்ரூ கழற்றும்போது எது எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அங்கேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முடுக்கினால் மேல் பக்கம் துருத்திக்கொண்டு வரும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு மூடியை நெம்பினால் கிளிப் உடையும்.

மூடி திறந்ததும் கை முதலில் போக வேண்டியது பேட்டரி கனெக்டருக்கு. மெஷின் அணைந்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டில் மின்சாரம் இருக்கிறது. அந்த நிலையில் ராமை உருவினால் ஷார்ட் ஆகிப் போர்டே போகலாம். கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ராமின் இரு பக்கக் கொக்கிகளை வெளிப்பக்கமாக விலக்கினால் அது சாய்வாக எழும்பும். ஓரத்தைப் பிடித்து உருவுங்கள். புதியதைச் சுமார் 30 டிகிரி சாய்வில், தங்க நிறக் கோடுகள் ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் கீழே அழுத்துங்கள். இரு கொக்கியும் 'டக்' என்று விழ வேண்டும். முழுதாகத் தள்ளாமல் அழுத்துவதுதான் டிஸ்ப்ளே வராமல் போவதற்கு அடிக்கடி காரணம்.

முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கருப்பாகவே இருந்தால் பதற்றப்பட்டு அணைக்காதீர்கள். புது ராமைப் போர்டு சோதித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். டிடிஆர்5-இல் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதன் பிறகும் வராவிட்டால் பேட்டரியை மறுபடி கழற்றி, ஒரே ஒரு ராமை மாற்றி மாற்றி ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எது கோளாறு, ராமா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். ராமின் தங்க நிற முனை அழுக்காக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, இழை உதிராத துணி போதும். பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக உண்டு. அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழும், சொரசொரப்பான இங்க் ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டும்.

8 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுகிறது என்றால் விண்டோஸ் 32 பிட்டாக இருக்கும்; 64 பிட்டாக மாற்ற வேண்டும். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் அன்று இரவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து மெஷினை ஆன் செய்து ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமை வைத்துக்கொள்ளாமல், பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள்.