கரண்ட் பிடிக்க வந்த முழங்கால்

"புள்ள, இண்டைக்காவது கரண்ட் வைக்க மாட்டியா?"

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆச்சி ஒருவர் மூன்றாவது கிழமையாகக் கேட்டார். விடியப்புறம் பஸ் ஏறி, மண்முனைப் பாலம் கடந்து, துண்டெடுத்து, வாங்கில் காத்திருந்து உள்ளே வருகிறவர் அவர். நானோ ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காட்டி, "இருந்து இருந்து எழும்புங்க ஆச்சி" என்கிறேன். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. இருந்தால் எழும்ப ஏலாதென்றுதானே வந்தவர்.

எங்கள் பக்கம் நான் செய்யும் இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) இன்னொரு பெயர் "கரண்ட் பிடிக்கிறது". சூடு வைக்கிற லைட், மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் எல்லாம் எங்கள் அறையில் இருக்கின்றன. படுத்திருக்கச் சுகமாக இருக்கும், அன்றிரவு கொஞ்சம் நித்திரையும் வரும். ஆனால் முழங்கால் தேய்மானத்துக்கு அவை வைத்தியம் இல்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல், தேய்மான வாதத்துக்கு மின்சிகிச்சை கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பனடோலைக்கூட வழமையாகக் கொடுக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கொடுக்கச் சொல்வது உடற்பயிற்சியைத்தான். (நானும் சுத்தமில்லை. வேலைக்கு வந்த புதிதில், வரிசை நீண்ட நாட்களில் மெசினைப் பூட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். மெசின் ஆளைப் பார்த்துக்கொள்ளும். பயிற்சி என்றால் நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.)

"சவ்வு தேஞ்சிட்டாம், நடந்தா இன்னும் தேயுமாம்" என்று பயந்து, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. மூட்டு முனையில் இருக்கும் அந்தச் சவ்வுக்கு, அதாவது குருத்தெலும்புக்கு, இரத்தக் குழாய் கிடையாது. அதைச் சுற்றியுள்ள மூட்டுநீரில் இருந்துதான் அதற்குச் சாப்பாடு. தேங்காய்ப்பூவைப் பிழிந்து, தண்ணீர் விட்டு, திரும்பப் பிழிகிறோமே, அதுபோல மூட்டு அமுங்கி விடுபடும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. அசையாமல் வைத்த மூட்டு பட்டினி கிடக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்தும் பயப்படாதீர்கள். படத்தில் மோசமாகத் தெரிகிற முழங்கால் சிலருக்கு நோவதே இல்லை, படம் பரவாயில்லாத வேறு சிலர் நொண்டிக்கொண்டு வருகிறார்கள்.

அன்று நான் ஆச்சியின் தொடையை அளந்து காட்டினேன். முழங்கால் சில்லுக்கு மேலே 10 சென்ரிமீற்றரில் நாடாவைச் சுற்றி, நோகிற கால் ஒரு தரம், மற்றக் கால் ஒரு தரம். வித்தியாசம் 3 சென்ரிமீற்றர். நாடாவைத் தன் கையில் வாங்கி, பிடித்த இடத்தை நகத்தால் அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "இறைச்சி எங்க போன?" என்று கேட்டார். நொந்ததால் அந்தக் காலில் பாரம் போடவில்லை, போடாததால் தொடைத் தசை வற்றியது, தசை வற்றியதால் பாரமெல்லாம் மூட்டிலேயே இறங்கி இன்னும் நொந்தது. கரண்டைப் பற்றிய பேச்சு அதோடு குறைந்தது.

நான் கொடுத்தது மூன்றே வேலை. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டின துவாயை அமத்தி 5 எண்ணும்வரை பிடிப்பது. கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டுவது. இரண்டு கிழமை போனபிறகு கணுக்காலில் அரைக்கிலோ பயறைப் பையில் கட்டிக்கொண்டு அதையே செய்வது. மூன்றாவது அந்தக் கதிரை. முதலில் தலையணை போட்டு உயர்த்தி, கையூன்றி. பிறகு கையை எடுத்து. பிறகு தலையணையை எடுத்து.

செய்யும்போது நோகும். நோவே இல்லாத நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டால், ஐந்துக்கு மேலே போகாமல், அடுத்த நாளைக்குள் பழைய நிலைக்கு வந்தால் சரி. வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

பொல்லு பிடிக்கிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் நொந்த கால் பக்கமே பிடிக்கிறார்கள். மற்றக் கையில் பிடித்தால்தான் பாரம் குறையும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ மிச்சம். திருவலையை மேசையில் பூட்டுகிற மாதிரி வாங்கலாம், குந்தி இருந்து மீன் வெட்டுவதை உயரத்துக்கு மாற்றலாம். கதிரையில் தொழத் தொடங்கிய காத்தான்குடி உம்மா ஒருவர், இனி முழங்காலை மடக்கவே கூடாதென்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தடை இல்லை. மெத்தை வைத்து மெதுவாக மடக்கப் பழகி, இப்போது பாதித் தொழுகை கீழேதான்.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சி எங்கேயோ ஒரு தனியார் இடத்தில் ஒரே வருடத்தில் முழங்காலுக்கு மூன்று ஊசி போட்டிருந்தார். என்ன ஊசி என்று கிளினிக் கொப்பியில் ஒரு வரி இல்லை. ஸ்டீரொய்ட் ஊசி தாங்க முடியாத நேரத்தில் கைகொடுக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2020 இல் அமெரிக்காவில் 156 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து நோவும் இயலாமையும் குறைவாக இருந்தது இயன்மருத்துவம் செய்தவர்களுக்கு. ஊசி போட்டவர்களுக்கு அல்ல. ஊசி போட்டால் அதென்னவென்று எழுதி வாங்குங்கள்.

எல்லா மூட்டு நோவும் தேய்மானம் இல்லை. காலையில் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, ஒரு மணித்தியாலம் ஆகியும் விறைப்பு விடாவிட்டால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியரின் மருந்துதான் முதல், பயிற்சி கூடவே வரும். ஒரு மூட்டு திடீரென்று சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் என்னிடம் வராமல் அன்றைக்கே அவசர பிரிவுக்குப் போங்கள். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு நோவு இழுபடும் என்பது 2006 கடைசியில் அதை அனுபவித்த கல்முனை, மட்டக்களப்பு வீடுகளுக்குத் தெரியும்.

ஆச்சி எட்டாவது கிழமை வந்தார். முதல் நாள் கையூன்றாமல் ஒரு தரம்கூட எழும்ப ஏலாதவர், 30 செக்கனில் ஏழு தரம் எழும்பினார். தொடை அளவு பெரிதாக மாறவில்லை, படி இறங்கும்போது இன்னும் நோகிறது. போகிற நேரம் வாசலில் நின்று கேட்டார்: "இந்த முறை கதிர்காமத்துக்கு நடக்கலாமா புள்ள? உகந்தையால காட்டுக்குள்ள?"

இந்த முறை உகந்தைக் கோயில் மட்டும், அதுவும் பஸ்ஸில் என்றேன். முகம் சரியில்லாமல்தான் போனார்.