எலும்பு ஸ்கேன் எடுத்த பாட்டியைத் திண்ணைக்குத் துரத்தாதீர்கள்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு பாட்டி ரிப்போர்ட்டைக் காட்ட வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று நாங்கள் ஸ்கேன் எடுத்தவர். பரவவில்லை. ஆனாலும் முகம் வாடிக் கிடந்தது. "பேத்தியத் தொட்டு 23 நாளாச்சு கண்ணு" என்றார். தனித் தட்டு, தனி டம்ளர், படுக்கை திண்ணையில். மார்கழிக் குளிரில், ஏற்காட்டில்!

மகனைக் கேட்டால், "கதிர்வீச்சு உலோகமாமே மேடம், உடம்புலயே தங்கிடுமாம்" என்கிறார். இதை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேனோ, எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஸ்கேனுக்காகப் போட்ட ஊசியில் இருந்தது கதிர்வீச்சு வீசும் டெக்னீசியம்-99எம். உலோகம்தான், சரி. ஆனால் நகைக்கடைத் தராசுகூட அசையாத அளவு. அது எங்கே போகும் என்பதை, அதோடு சேர்த்துக் கட்டிய மருந்துதான் முடிவு செய்கிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆள் மாதிரி: மேட்டூர் பஸ் ஏறினால் மேட்டூர், ஏற்காடு பஸ் ஏறினால் ஏற்காடு. எம்டிபியோடு கட்டினால் எலும்பு, டிடிபிஏவோடு கட்டினால் சிறுநீரகம், கந்தகக் கூழ்மத்தோடு என்றால் கல்லீரலும் மண்ணீரலும். கட்டாமல் தனியே விட்டால் தைராய்டுக்கும் இரைப்பைக்கும் போகும். (எலும்பு ஸ்கேனில் இரைப்பை பளிச்சென்று தெரிந்தால், அன்று ஊசி மருந்தைக் கலக்கும் எங்கள் ஹாட் லேப் பையனுக்குத் திட்டு.)

இதெல்லாம் யூகம் இல்லை, எலிகளில் அளந்து பார்த்தது. படிக்கும் காலத்தில் நானும் செய்திருக்கிறேன். ஊசி போட்டு, குறித்த நேரத்தில் ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, எடை போட்டு, கதிர்வீச்சை எண்ணும் காமா கவுண்டரில் வைத்து, போட்ட மருந்தில் எத்தனை சதவீதம் அங்கே இருக்கிறது என்று கணக்கெடுப்போம். எலியின் தொடையெலும்பு ஒரு தீக்குச்சி நீளம்தான். அதிலும் முழங்கால் பக்கத்து முனை, நடுத்தண்டைவிட அதிகம் காட்டும். எலும்பு வளர்வது அங்கேதான். புற்று பரவிய இடம் நம் ஸ்கேனில் கறுப்பாகத் தெரிவதும், அங்கே எலும்பு புதிதாக உருவாகிக்கொண்டிருப்பதால்தான்.

தங்குவதா? டெக்னீசியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் அதே நேரம் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம்; அதிலும் நிறையச் சிறுநீரோடு போயிருக்கும். தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 குடித்தவரைச் சில நாள் ஒதுங்கியிருக்கச் சொல்வோம். அது சிகிச்சை, பாதியாகவே 8 நாள் ஆகும். பக்கத்து வீட்டில் அதைப் பார்த்துவிட்டு இங்கே பாட்டியைத் தள்ளி வைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஊசிக்குப் பிறகு தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வழியில் இறங்க முடியாது என்று வாயைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இங்கே கழிப்பறை இருக்கிறது, படம் எடுக்க இரண்டு மூன்று மணி நேரமும் இருக்கிறது. படம் எடுக்கப் படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அன்று ஒரு நாள் நெருங்கி அணைக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. மாமியார் எதிரில் சொல்லக் கூச்சமென்றால், ஊசி அறைக்குள் தனியாக வந்ததும் சொல்லுங்கள்.